பெற்றோலுக்குத் திரும்பிய பிக்கப்

தண்ணீரூற்றில் மீராசாகிபு தனியாக இருந்தார். தனி என்றால் சும்மா தனி இல்லை. பதின்மூன்று வருடம் புத்தளத்து முகாமில் கிடந்துவிட்டு, சமாதானத்தில் வன்னிப் பாதை திறந்த மறுவருடம் ஊர் திரும்பியவர்களில் அவருடைய தெருவுக்கு அவர் ஒருவர்தான். கூரையும் சுவரும் போய்விட்ட வீட்டின் சீமெந்துத் தரையில் நாலு தகரத்தைச் சாய்த்து, அதற்குக் கீழே பாய் விரித்திருந்தார். சோறு வடித்தால் உப்புக் கூடிவிட்டது என்று சண்டை பிடிக்க ஆள் இல்லை. சண்டை பிடிக்க ஆளில்லாத வீடு என்ன வீடு?

மனைவி ஸக்கியா புத்தளத்தை விட்டு வர மாட்டேன் என்றே இருந்தாள். ஆறு மாதம் கெஞ்சிக் கடிதம் எழுதிய பிறகு அவளிடமிருந்து ஒரு பதில் வந்தது. நோன்புக்கு முன் வருகிறேன், ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன், புளியங்குளத்தில் வந்து கூட்டிக்கொண்டு போகவும், நடுவழியில் நிற்கிற வாகனம் என்றால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். இவ்வளவுதான் கடிதம். மீராசாகிபு அதை நாலைந்து தடவை படித்தார். வாகனம் நிற்காமல் ஓடினால் ஸக்கியா தங்கிவிடுவாள் என்று தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

வாகனம் என்பது அவருடைய பழைய பிக்கப். முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டு வெளியேற்றிய அன்று வாகனத் திறப்பை எதிர்வளவுப் பரமலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனவர். பரமலிங்கம் அதை யுத்தகாலம் முழுக்க ஓட்டி, நெல்லும் ஏற்றி, நோயாளிகளையும் ஏற்றி, இவர் வந்து இறங்கிய மறுநாள் கேட்காமலே கொண்டுவந்து வாசலில் விட்டார். ஒரு கதவு கயிற்றால் கட்டியிருந்தது. தளத்தில் துரு தின்ற ஓட்டைகள். ஆனாலும் எஞ்சின் உயிரோடு இருந்தது.

மீராசாகிபு ஆசையோடு பெற்றோல் அடித்தார். அன்றைக்குப் பிடித்தது வில்லங்கம். முள்ளியவளைச் சந்திக்குப் போவதற்குள் தண்ணீர் கொதித்து மூடியை உதைத்தது. பின்னால் கரும்புகை. இழுவை என்றால் மருந்துக்கும் இல்லை. றேடியேற்றரைக் கழற்றிக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினார். செம்மண் வந்தது, கொதிப்பு நிற்கவில்லை. ஒழுகின இடத்தில் ஈயம் பற்றவைத்தார். விசிறிப் பட்டியை இறுக்கினார். பிளக்கைக் கழற்றினால் சிமினிக் கரி மாதிரிக் கறுத்திருந்தது. அரத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினார். இரண்டு நாளில் பழைய கறுப்பு. ஒருநாள் பொறுமை கெட்டு, எஞ்சினுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, "உனக்கு என்னதான் வேணும், சொல்லித் துலை" என்று கேட்டார்.

எதிர்வளவில் பரமலிங்கம் இருக்கிறாரே, அவரைக் கேட்டால் என்ன? அங்கேதான் மனுசனின் மரியாதை குறுக்கே நின்றது. இத்தனை வருடம் பாதுகாத்துத் தந்தவரிடம் போய்ப் பழுது என்று சொன்னால் குறை சொன்னதாகிவிடாதா? பரமலிங்கமும் புகையைப் பார்த்தார்தான். அவருடைய வாகனம், நான் ஏன் மூக்கை நுழைப்பான் என்று பேசாமல் இருந்தார். இரண்டு மரியாதைக்காரருக்கு நடுவில் அந்த வாகனம் செத்துக்கொண்டிருந்தது.

ஸக்கியா வர ஆறு நாள் இருக்கும்போது மீராசாகிபு வெட்கத்தை விட்டுப் பரமலிங்கத்தின் படலையைத் திறந்தார்.

"தம்பி, குறையா நினைக்கப்படாது. வாகனம் கொதிக்குது."

"டாங்கியில என்னத்த விட்டு ஓடுறியள், நானா?" என்றார் பரமலிங்கம். அண்ணன் முறைக்கு நானா என்றுதான் அவர் மீராசாகிபுவைக் கூப்பிடுவார்.

"வேற என்னத்த? பெற்றோல்தான்."

பரமலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பெற்றோலோ! ஐயோ நானா, அது மண்ணெண்ணெயில ஓடின வாகனமெல்லோ! உங்களுக்குத் தெரியுமெண்டு நான் இருந்திட்டன். இஞ்ச இது தெரியாத ஆள் ஆர் இருக்கு?"

தெரியாத ஆள் அவருக்கு முன்னாலேயே நின்றார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் படாது. துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவதுதான் வன்னி முழுக்க வழக்கம். அதற்காகக் காபரேற்றரின் சிறு துளையைப் பெருப்பித்து, எஞ்சின் தலைக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டு கஸ்கெற் தகடு வைத்து, தீப்பொறியையும் பிந்தி விழப் பண்ணியிருந்தார் பரமலிங்கம். அதில் பெற்றோலை விட்டால் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கும், பிந்தி எரியும். புகையும் கொதிப்பும் வராமல் என்ன செய்யும்?

மீராசாகிபுவுக்குத் தன் வாகனத்தின் மேலேயே பொறாமை வந்தது. அந்தப் பதின்மூன்று வருடமும் அது ஊரில் இருந்திருக்கிறது. ஊர் பட்டதெல்லாம் அதுவும் பட்டிருக்கிறது. அவர்தான் இருக்கவில்லை. சொந்த ஊரில் நின்று ஊர்ப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதியைக் கேட்டு அறிய வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டார்.

"மண்ணெண்ணெயிலயே ஓடுங்கோவன், நானா" என்றார் பரமலிங்கம்.

"இல்லத் தம்பி. அந்தப் புகை மணந்தா ஸக்கியாவுக்குத் தலை சுத்தும்."

வவுனியாவுக்குப் போகும் பஸ் சாரதியிடம் சொல்லிப் புதுக் கஸ்கெற் ஒன்றும், துளை பெருக்காத காபரேற்றர்ச் சாமானும் எடுப்பித்தார். பரமலிங்கத்துக்கு விதைப்பு வேலை. அதனால் மீராசாகிபு தனியாகவே எஞ்சின் தலையைக் கழற்றி, இரண்டு கஸ்கெற்றையும் சுரண்டி எடுத்து, புதுசை வைத்து இறுக்கி, காபரேற்றர்ச் சாமானையும் மாற்றினார். தீப்பொறியை மயிரளவு மயிரளவாக முந்தவைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஐந்தாம் நாள் ஒட்டுசுட்டான்வரை போய்வந்தார். வெப்ப முள் நடுவை விட்டு அசையவில்லை. தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து அழுதார்.

ஸக்கியா வந்தாள். வரும் வழியில் வாகனம் ஒரு தடவை இருமக்கூட இல்லை. வீட்டுத் தரையில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"பக்கத்து வளவு றிஸ்பாட வீடு எங்க?"

மீராசாகிபு ஒரு பற்றைக்காட்டைக் காட்டினார்.

"மற்றாக்கள்ட?"

அதே காட்டைக் காட்டினார். அவள் அடுப்பு மூட்டிச் சமைத்தாள். சாப்பிட்டு முடிந்த பிறகு முடிவைச் சொன்னாள்.

"இஞ்சாருங்க, கோவிக்காதீங்க. ஆரோட நான் கதைக்கிறது இஞ்ச? எனக்கு ஏலாது. நீங்களும் வாங்களன்."

"நான் இனி எங்கயும் போகமாட்டன், ஸக்கியா."

"அப்ப விடியக் கொண்டுபோய் விடுங்க. வாகனந்தான் நல்லா ஓடுதே."

விடிய வெளிக்கிட்டார்கள். ஒட்டுசுட்டான் போனது. நெடுங்கேணி போனது. பள்ளம் திட்டி எல்லாவற்றையும் பிக்கப் இழுத்துக்கொண்டு போனது. இந்த வாகனம் இப்படியே கொதித்து நின்று துலையாதா என்று மீராசாகிபு வழி முழுக்க வேண்டிக்கொண்டிருந்தார். அவர் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. புளியங்குளத்துக்குப் பஸ் வருவதற்கு அரை மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.