புளியமரம் தாண்டி சேப்பாக்கம்

எண்பதுகளின் பிற்பகுதி. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. தியாகதுருகத்தில் பாய் விரித்த பிட்ச்சில் சுழல் பந்து போட்டுக்கொண்டிருந்த என்னை, மறுநாள் காலை சேப்பாக்கத்தில் நடக்கும் கிரிக்கெட் அணித் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்களை நாட்டுக்குக் கொடுத்த மைதானம். அதுவரை நான் அதை ரேடியோ வர்ணனையில் கேட்டதோடு சரி. பஸ் ஓடவில்லை. விழுப்புரம் போய்விட்டால் ரயிலைப் பிடித்துவிடலாம் என்று சைக்கிளில் கிளம்பிவிட்டேன்.

எலவனாசூர்கோட்டைக்கு முன்னாலேயே ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஊரே அங்கே உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. சாவுக்கும் பிரசவத்துக்கும் மட்டும்தான் வழி என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். என் தேர்வு இந்த இரண்டில் எதில் சேரும் என்று ஒரு பெரிய விவாதமே நடந்தது. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லுங்கியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"சேப்பாக்கத்துல போடற ஆளா நீ? எனக்குப் போடு பாப்போம். அவுட்டாக்கிட்டா வுட்டுடறோம்."

அவர் கையில் தென்னை மட்டை. பின்னால் கிடந்த மரம்தான் ஸ்டம்ப். முதல் பந்தை அவர் விளாசிய விளாசலில் அது கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டது. என்னிடம் இருந்ததோ அந்த ஒரே பந்து. மறியலை மறந்து பாதிக் கூட்டம் கரும்புக்குள் புகுந்து தேடி எடுத்துக் கொடுத்தது. அடுத்ததை மெதுவாகத் தூக்கிப் போட்டேன். தார் பெயர்ந்த இடத்தில் விழுந்து, திரும்பி, டொக்கென்று மரத்தில் பட்டது.

"கல்லு மேல பட்டுச்சு, செல்லாது!" என்று அவர் குதித்தார்.

"அவுட்டுன்னா அவுட்டுதான், மட்டைய கீழ போடுய்யா," என்று சோறு கிண்டிக்கொண்டிருந்த அக்கா அதட்டினார். ஒரே விசில், கைதட்டல்.

என் சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தைத் தாண்டி வைத்தவரும் அவர்தான். அடுத்தடுத்த மறியல்களில் எனக்காகப் பேசி, ஏரிக்கரை வழியாக விழுப்புரம் வரை தன் சைக்கிளில் கூடவே வந்தார். எனக்காக எதற்கு அண்ணா இவ்வளவு சிரமம் என்று கேட்டேன்.

"நாங்களே உள்ள போவ எடம் கேட்டுத்தான் ரோட்ல குந்திக்கினு இருக்கோம். உள்ள போறவன எப்புட்றா நிறுத்தறது?" என்றார்.

சேப்பாக்கத்தில் என் பந்து அழகாகத் திரும்பியது. வந்திருந்தவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், நான் தேர்வாகவில்லை. ஆனாலும் அந்தப் புல்லில் நின்ற அரை நாள் சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை. இப்போதும் டி.வி.யில் அந்த மைதானத்தில் ஒரு புதுப் பையன் பந்தோடு ஓடிவரும்போது, இவனுக்காக எந்த ஊரில் யார் மரத்தைத் தாண்டி சைக்கிள் தூக்கினார்களோ என்றுதான் என் மனசு முதலில் நினைக்கிறது.