ஏழேகால் பஸ்

சட்டசபையில் யார் பக்கம் எத்தனை தலை என்ற கணக்கெல்லாம் இருசம்மாளுக்கு வேண்டாம். அவளுக்கு வேண்டியது காலை ஏழேகாலுக்கு ஒரு பஸ். கல்லேரிப்பட்டியிலிருந்து அரியலூருக்கு ஆறு மைல். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியைத் தின்றுகொண்டே நடந்து, எட்டு மணிக்கு நர்சிங் ஹோமில் ஆயா வேலைக்குப் போய் நிற்க வேண்டும். புருஷன் பழனிவேல் கல் குழியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தான். அவள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். ஏற்கெனவே மூன்று தடவை நேரம் தப்பியாகிவிட்டது. "இன்னொரு நாள் லேட்டா வந்தா அப்படியே திரும்பிப் போயிடு. நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

எண்பத்தேழாம் வருஷக் கடைசியில் ஊருக்கு பஸ் சாங்ஷன் ஆனது. தை மூன்றாம் தேதி எம்.எல்.ஏ. சாமிதுரை வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் அவர் பெயரைக் கல்லில் வெட்டி நட்டும் விட்டார்கள். அதற்குள் முதலமைச்சர் இறந்துபோனார், கட்சி இரண்டாக உடைந்தது. சட்டசபையில் பலத்தைக் காட்ட வேண்டுமே, இரண்டு அணியும் எம்.எல்.ஏ.க்களை அள்ளிக்கொண்டு போய் ஓட்டல்களில் அடைத்து வைத்தன. சாமிதுரை எந்த அணியில் இருக்கிறார், எந்த ஓட்டலில் இருக்கிறார் என்று ஊரில் ஈ காக்கைக்குத் தெரியாது. கட்சியின் கிளைச் செயலாளர் பிச்சைமுத்து விவரமான ஆள். அணிக்கொரு தலைவர் படம் போட்டு, விழா நோட்டீஸை இரண்டு விதமாக அச்சடித்து வைத்துக்கொண்டார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பஸ் வந்துகொண்டுதான் இருந்தது. சோதனை ஓட்டமாம். தினமும் காலியாக வந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பி, ஏழேகாலுக்குக் காலியாகவே கிளம்பிப் போகும். வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை, நடந்து போகிற இருசம்மாள் தலையில் புழுதியைக் கொட்டிவிட்டுப் போகும். ஒரு நாள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏன் தம்பி, அத்தன சீட்டும் காத்து வாங்குது. நான் ஒருத்தி ஏறுனா பஸ்ஸு படுத்துக்குமா?"

"தொறப்பு விழா ஆவலியேக்கா. ஆள ஏத்துனேன்னா என்னைய வூட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றான் டிரைவர் ராசாங்கம். பாவம், அவனைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை அவள் பெரம்பலூருக்கே போய் எம்.எல்.ஏ. வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி கிருஷ்ணம்மாள் வெளியே வந்தார்.

"எனக்கே தெரியாதும்மா. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அவரு போட்டிருக்கறது அவரு சட்டையே இல்ல. மாத்துத் துணிகூட எடுக்க வுடாம கூட்டிட்டுப் போயிருக்காங்க. நீ எங்கயாவது பாத்தீன்னா வூட்டுக்கு வரச் சொல்லு."

பஸ்ஸைக் கேட்கப் போனவள் அந்த அம்மாளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

தை மாதம் பாதி போவதற்குள் சட்டசபையில் அடிதடி நடந்தது, ஆட்சியைக் கலைத்தார்கள், கவர்னர் ஆட்சி வந்தது. சாமிதுரை ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தார். வந்தவர் இப்போது எம்.எல்.ஏ. இல்லை. "அடுத்த தேர்தல் வரட்டும், புது எம்.எல்.ஏ. வந்து தொறப்பாரு. மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் பிச்சைமுத்து. இருசம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயந்தரம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ராசாங்கம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னான்: "நாளையோட சோதன ஓட்டம் முடியுதுக்கா. வண்டிய ஜெயங்கொண்டம் பக்கம் மாத்துறாங்க."

மறுநாள் அவள் நடக்கக் கிளம்பவில்லை. பஸ் வந்து திரும்பி நின்றதும் முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தாள், தேங்காயை உடைத்தாள், ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். கல் குழி வேலைக்குப் போகும் ஒன்பது பெண்கள் அவள் பின்னாலேயே ஏறினார்கள். பிச்சைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாரக் கேட்டு ஏறுன? யாரு தொறந்து வச்சது?"

"நாந்தாண்ணே. எம்.எல்.ஏ.வ சட்டசபைக்கு அனுப்புனது எங்க ஓட்டுதான? போனவருக்குத்தான் பதவி இல்லாம போச்சு. அனுப்புனவ இங்கதான் இருக்கேன். நீ எடு தம்பி வண்டிய."

ராசாங்கம் எடுத்துவிட்டான். ஆள் ஏறிய பஸ்ஸை டிப்போவில் சோதனை ஓட்டம் என்று எழுத முடியாதாம். அதனால் மறுநாள் வண்டியை ஜெயங்கொண்டத்துக்கு மாற்றாமல் கண்டக்டரையும் சேர்த்து இங்கேயே அனுப்பிவிட்டார்கள். இவ்வளவுதான் விஷயம். இதற்கா அத்தனை நாள் நடக்கவிட்டார்கள் என்று அவள் பழனிவேலிடம் ஒரு வாரம் பொருமினாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவளுக்கு ஒரு நாள்கூட நேரம் தப்பவில்லை.

எண்பத்தொன்பதில் தேர்தல் நடந்து, எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்தது. மாசி மாதம் ஒரு காலையில், கிளம்ப வேண்டிய பஸ்ஸுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். கல்லில் சாமிதுரை பெயர்மேல் சிமெண்டு பூசி, புது எம்.எல்.ஏ. பெயரை எழுதியிருந்தார்கள். புது ஆளுங்கட்சியின் கரைத் துண்டு போட்டுக்கொண்டு முன்னால் நின்றவர் பிச்சைமுத்துவேதான். இருசம்மாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஏழேகால் ஆயிற்று, ஏழரை ஆயிற்று. எம்.எல்.ஏ. வந்தபாடில்லை.

"செத்த பொறு இருசம்மா. நம்ம ஊரு பஸ்ஸுக்குத்தான விழா" என்றார் பிச்சைமுத்து.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இறங்கினாள். ரிப்பனுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போய் நடக்க ஆரம்பித்தாள். ஐந்தாவது மைலில் பின்னால் ஹாரன் கேட்டது. மாலையும் கொடியுமாக, படிக்கட்டுவரை கட்சிக்காரர்களை அடைத்துக்கொண்டு பஸ் வந்தது. கையைக் காட்டினாள். ராசாங்கம் அவளைப் பார்த்தான், நிறுத்த முடியவில்லை. பழையபடி புழுதிதான் தலையில் விழுந்தது.

நர்சிங் ஹோம் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. டாக்டரம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு நாள் லேட்டா வந்தா என்ன செய்வேன்னு சொன்னேன்?"

"பஸ்ஸத் தொறந்து வச்சாங்கம்மா."

"ஒரு வருஷமா பஸ்லதானே வர்றே?"

"ஆமாங்கம்மா. இன்னிக்குத்தான் தொறந்தாங்க. அதான் நடந்து வந்தேன்."

டாக்டரம்மா அவள் தலையையும் காலையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு வாசலைவிட்டு விலகி வழி விட்டார். இருசம்மாள் உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்தாள்.