சுவர்ப் பக்கம் திரும்பிய அண்டா

தருமபுரிக் கல்யாண மண்டப வாசலில், புளி போட்டுத் தேய்த்த பித்தளை அண்டாவில் பூக்களை மிதக்கவிட்டிருந்தார்கள். அந்தப் புளி வாசம் என்னை அறுபதுகளின் பாப்பாரப்பட்டிக்கு இழுத்துப் போனது.

அப்பா கடன் வாங்கிக் கிணறு வெட்டினார், பாறைதான் வந்தது. அம்மா பெயர் வெட்டிய சீர் அண்டா அடகுக்குப் போனது. வட்டிக்குத் தவணை கேட்டுப் போன அம்மாவை, அடகுக்காரர் தன் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் தேய்த்துக் கழிக்கச் சொன்னார். தேய்க்கப் போட்டதில் எங்கள் அண்டாவும் இருந்தது.

"அந்தப் பேரு மேல நல்லா அழுத்தித் தேயி. வர்றவங்க கண்ணுல படக் கூடாது," என்றார் அடகுக்காரர் மனைவி.

"வெட்டுன பேருங்க, போவாதுங்க," என்றாள் அம்மா.

கல்யாணத்தன்று பெயரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். எங்களுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். அண்டா எங்கள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

மண்டபத்தில் எல்லோரும் பூவைப் படமெடுத்தார்கள். நான் சுவரோரம் போய்க் குனிந்து, அண்டாவின் மறுபக்கத்தைப் பார்த்தேன்.