அந்துருண்டை போட்ட அட்டைகள்

எங்கள் வீட்டில் சுங்குடிச் சேலைகளை அந்துருண்டை போட்டுத்தான் பீரோவில் அடுக்குவோம். பூச்சி அண்டாது. போன கோடை விடுமுறையில் என் மகள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் மூன்று வருடமாகச் சேர்த்த கிரிக்கெட் வீரர் அட்டைகளையும் அப்படியே பத்திரப்படுத்த நினைத்தேன். ஒவ்வோர் அட்டையையும் அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். அந்த டப்பாவுக்குள் ஆறு உருண்டைகளைப் போட்டு இறுக மூடினேன்.

திரும்பி வந்ததும் திறந்தாள். அந்துருண்டை ஆவியில் உறைகள் இளகி அட்டைகளோடு ஒட்டியிருந்தன. பிரித்தபோது வீரர்களின் முகங்கள் உரிந்து வந்தன.

"யாரக் கேட்டுப்பா என் டப்பாவத் தொட்டீங்க?"

"பூச்சி அரிச்சிரக் கூடாதுன்னுதான்..."

"பூச்சியே தேவல. அது ஓரத்தத்தான் திங்கும்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அம்புட்டும் காகிதந்தானே. அதுக்கா இந்த ஆட்டம் ஆடுற?" என்று கத்தினேன்.

அவள் நேரே பீரோவுக்குப் போய் என் கல்யாண வேட்டியை எடுத்து வந்தாள். "இதுவும் துணிதானே. தரையத் தொடைக்கட்டுமா?"

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அதை மடித்து வைக்கும்போதுதான் அவள் கேட்டது எனக்கு உறைத்தது.

தப்பிய ஒன்பது அட்டைகள் இப்போது ஒரு எவர்சில்வர் டப்பாவில் இருக்கின்றன. மூடியில் 'அப்பா தொடக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அலமாரியைத் துடைக்கும்போதுகூட நான் அதைச் சுற்றித்தான் துடைக்கிறேன்.