வெந்நீர்க் காய்ச்சல்

பவுனம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் திமிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சென்னையில் நர்ஸ் படிப்பை முடித்த கையோடு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், 1941 அக்டோபரில் மலாயாவின் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் வந்து இறங்கினேன். ராதாகிருஷ்ணன் என்ற புதுக் கம்பவுண்டரும் அதே கப்பலில் வந்தார். கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் இருவருக்கும் வேலை. மூன்றே மாதத்தில் ஜப்பான்காரன் கோலாலம்பூரைப் பிடித்தான். வெள்ளைக்கார டாக்டர் ஓடிவிட்டார். ஊர் திரும்பக் கப்பல் கிடையாது. முப்பது கட்டில் வார்டு ஒன்றுமறியாத எங்கள் இருவர் தலையில் விழுந்தது.

பவுனம்மாள் அந்த வார்டின் ஆயா. என்னைவிட நாலு வயதுதான் பெரியவள். எழுதப் படிக்கத் தெரியாது. அவள் கணவன் நாகையா அங்கேயே ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டிருந்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வேலாயுதம் என்ற, ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரன் காய்ச்சல் என்று வந்து படுத்தான். தெர்மாமீட்டரை அவன் வாயில் வைக்கப் போனேன். பவுனம்மாள் குறுக்கே வந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தாள்.

“இப்ப வைக்காதீங்க மிஸ்ஸி. சுடச்சுடக் கோப்பி குடிச்சிட்டு வந்திருக்கான். கால் மணி நேரம் போவட்டும்.”

எனக்கு வந்ததே கோபம்! ஓர் ஆயா எனக்குப் பாடம் நடத்துவதா? “நீ உன் வேலையைப் பார்” என்றேன். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. அவள் வாதாடவில்லை, சிரித்துக்கொண்டே நின்றாள். கால் மணி கழித்து, வீம்புக்காக மறுபடி வைத்துப் பார்த்தேன். காய்ச்சலே இல்லை. வேலாயுதம் பல்லை இளித்தபடி எழுந்து போனான். வேலைக்கு மட்டம் போட அந்தத் தோட்டத்தில் அது பழைய வித்தையாம். பத்து வருடமாக அந்தக் கள்ளக் காய்ச்சலைப் பிடித்து வந்தவள் அவள்.

அன்றிலிருந்து நான் வாலைச் சுருட்டிக்கொண்டேன். அவளை அக்கா என்று கூப்பிட எனக்கு ஆறு மாதம் ஆனது. அதற்குள் எத்தனை சொல்லிக்கொடுத்துவிட்டாள்! “எங்க வலிக்குதுன்னு கேக்காதீங்க மிஸ்ஸி, ஒடம்பெல்லாம்னுதான் சொல்லுவாங்க. நேத்து என்னா சாப்பிட்டேன்னு கேளுங்க.” கேட்டால் மூன்று நாளாக வெறும் மரவள்ளிக்கிழங்கு என்பார்கள். கால் ஏன் வீங்கியது என்று அப்புறம் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. ராதாகிருஷ்ணன் ஒருத்தியிடம், “மூணு வேளை சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடுங்க” என்றபோது இவள்தான் மடக்கினாள்.

“மாத்திரை நீங்க குடுக்கறீங்க, சரி. மூணு வேளை சாப்பாட்டை யாருங்கய்யா குடுக்கறது?”

பாவம், மனிதர் முகம் செத்துப்போனது. பிறகு “கஞ்சி குடிச்சதும் ஒண்ணு போடுங்க” என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

1943இல் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடிதாசியும் வரவில்லை. ஒரு நாள் காலையில் எங்கள் தோட்டத்துக்கு லோரி வந்தது. பன்னிரண்டு ஆள் வேண்டும், வார்டில் காய்ச்சல் இல்லாதவன் எவனானாலும் ஏற வேண்டும் என்று உத்தரவு. வேலாயுதம் அப்போது உண்மையாகவே மலேரியாவில் கிடந்து எழுந்திருந்தான். காய்ச்சல் விட்டு நாலு நாள், இன்னும் வார்டுக் கட்டிலில்தான் இருந்தான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். வராந்தாவில் என் காலைப் பிடித்துக்கொண்டு, “மிஸ்ஸி, அவரு போயிட்டா நான் செத்தேன்” என்று கதறினாள்.

நான் என்ன செய்வேன்? லோரியில் வந்த ஜப்பான் அதிகாரி ஒவ்வொரு கட்டிலாக வந்துகொண்டிருந்தார். அப்போது பவுனம்மாள் ஒரு மங்குக் கோப்பை நிறைய வெந்நீரோடு வந்து வேலாயுதத்திடம் நீட்டினாள். அவன் மளமளவென்று குடித்ததும் என்னைப் பார்த்தாள்.

“அக்கா, இது பொய்யில்லையா?” என்றேன்.

“பொய்தான் மிஸ்ஸி. வைங்க லா.”

வைத்தேன். நூற்றிரண்டு. அதிகாரி தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார். வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் வாசலில் தலை எண்ணியபோது பதினோரு பேர்தான் இருந்தார்கள். “சாத்து லாகி!” என்று கத்தினான் மொழிபெயர்ப்பாளன். இன்னும் ஒருவன் வேண்டுமாம். ஸ்ட்ரெச்சரை வைத்துவிட்டு நிமிர்ந்த நாகையாவை நோக்கி அதிகாரியின் விரல் நீண்டது. ஆஸ்பத்திரி ஆள், அவன் இல்லாமல் முடியாது என்று நான் கத்திப் பார்த்தேன். யார் கேட்டார்கள்! அவனை லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உள்ளே கிடப்பவனுக்குக் காய்ச்சல் இல்லை, அது வெந்நீர் என்று சொன்னால் புருஷன் இறங்கிவிடுவான். நான் அவள் வாயையே பார்த்தேன். கடவுளே, அவள் சொல்லிவிட மாட்டாளா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. ராதாகிருஷ்ணன் ஓடிவந்து கொடுத்த, மலேரியாவுக்கான கொயினா மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிப் புருஷன் மடியில் செருகினாள். “கஞ்சி குடிச்சதும் ஒண்ணு போடுங்க” என்றாள். லோரி போய்விட்டது. அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அவள் அழவில்லை.

ஸ்ட்ரெச்சரை மறுநாளிலிருந்து வேலாயுதம் தூக்கினான். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தான். பால்வெட்டு முடிந்ததும் தினமும் வந்துவிடுவான். பவுனம்மாளின் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். இரண்டு மாதம் கழித்து மறுபடி லோரிச் சத்தம் கேட்டது. இனி அவளிடம் எந்த முகத்தோடு வெந்நீர் கேட்பது? சமையற்கட்டிலிருந்து அவளே குரல் கொடுத்தாள்.

“மிஸ்ஸி, தண்ணி கொதிச்சிருச்சு.”

சண்டை முடிந்து, நாற்பத்தைந்து கடைசியில் ஒரு பகல். வேலாயுதம் ஒருவனை முதுகில் சுமந்துகொண்டு வார்டுக்குள் ஓடிவந்தான். எலும்பும் தோலுமாக, காலெல்லாம் புண்ணாக இருந்தவனைக் கட்டிலில் கிடத்திய பிறகுதான் நாகையா என்று தெரிந்தது. நான் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டு ஓடினேன். பவுனம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். குனிந்து, அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே அவன் மேல் விழுந்து, இரண்டு வருட அழுகையை அழுதாள்.

“வைங்க மிஸ்ஸி” என்றாள். “இது நெசக் காய்ச்சல்தான்.”