சண்முகம் அண்ணன் பதித்த கண்கள்

சண்முகம் அண்ணன் இறந்த செய்தி தருமபுரியிலிருந்து வந்த காலை பஸ்ஸில் ஏரியூருக்கு வந்தது. நான் டீக்கடையில் நின்றிருந்தேன். கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார்: "உங்க அரூர் கலைக்கூடத்துச் செயலாளரு நேத்துச் சாயங்காலம் போயிட்டாருங்களாம். மாரடைப்புங்க. கரீம் பாய் உங்ககிட்ட சொல்லச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாரு." எனக்கு அழுகை வரவில்லை. இனி இந்த மனிதரோடு சண்டை போட முடியாதே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. முடியாமல் கிடந்த சண்டை அது.

அரூரில் அவர் உடலைக் கலைக்கூடத்துக்கு வெளியே, வாசல் பந்தலில்தான் வைத்திருந்தார்கள். மாலைகள் குவிந்தன. பேசியவர்கள் எல்லோரும் அவரை வள்ளல் என்றார்கள், தியாகி என்றார்கள். இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர்களும் "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க தம்பி" என்றுதான் கேட்டார்கள். நல்லதும் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் மற்றதையும் படிக்க வேண்டும்.

வெளியூர்க் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் உலையடியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். மண்டிக்காரர் ஒருவரின் நிலக்கடலைக் கிடங்கு வருடத்தில் சில மாதங்கள் காலியாகக் கிடக்கும். அதைக் கேட்டு வாங்கி, தொலியைக் கூட்டித் தள்ளி, கண்ணாடிப் பொருள்களுக்கும் சுட்ட மண் சிற்பங்களுக்கும் கண்காட்சி வைத்தார். அப்போது அரூரில் இருந்த நானும் கூடமாட வேலை செய்தேன். கடலை எண்ணெய் வாசம் எத்தனை கழுவியும் போகவில்லை. உடைந்த வளையல்களையும் சோடா பாட்டில் துண்டுகளையும் உருக்கி அவர் செய்த தகடுகள் ஜன்னல்களில் தொங்கின. கண்ணாடிச் சட்டம் போடும் கரீம் பாய், தன் கடையில் மிஞ்சும் துண்டுகளை எல்லாம் அவருக்கே கொடுத்தார்.

மண்டிக்கு மூட்டை கொண்டுவந்த விவசாயி ஒருவர் முதல் கண்காட்சிக்குள் எட்டிப் பார்த்தார். உடம்பெல்லாம் துளை போட்ட ஒரு பானையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுல மோரு ஊத்துனா நிக்குங்களா?"

"நிக்காதுங்க," என்றார் அண்ணன்.

"அப்புறம் என்னத்துக்குங்க இது?"

"உங்க வூட்டு வாசல்ல கோலம் போடறாங்களே, அது என்னத்துக்குங்க?"

அந்த மனிதர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். சித்தேரி மலையிலிருந்து தேன் விற்க வந்தவர்களும், தீர்த்தமலைக்குப் போக பஸ் மாறியவர்களும் உள்ளே வந்து பார்த்தார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. அரூரில் அது சாதாரண விஷயமில்லை. டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்திருக்கும் ஊர் இது.

கூடத்தில் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். ஒன்று, பொருளைச் செய்தவர் அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். கேட்பவர்களுக்கு அவரே பதில் சொல்ல வேண்டும். இரண்டு, எந்த மண் உருவத்துக்கும் கருவிழி வைக்கக்கூடாது. நம் ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். குதிரையோ அம்மனோ, கண் திறக்கும் வரை அது மண். செய்தவன் தொடலாம், தூக்கலாம், காலால்கூடத் தள்ளி வைக்கலாம். கண் திறந்த பிறகு அது சாமி. யார் கிட்டே வரலாம், யார் வரக்கூடாது என்ற பேச்சு அப்போதே தொடங்கிவிடும். அண்ணன் இதைப் பச்சையாகவே சொல்வார்: "கண்ணு வெச்சா சாமி வந்துரும் தம்பி. சாமி பின்னாலயே சாதியும் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்துரும்."

ராசாத்தி கலைக்கூடத்துக்கு வந்தது அப்படிப்பட்ட நாள்களில். காலனிப் பெண். செங்கல் சூளையில் கல் சுமப்பவள். கூடத்து உருவங்களை அந்தச் சூளையில்தான் சுடுவோம். அண்ணன் அங்கே போனால் அவர்கள் சொம்பில் தண்ணீர் குடிப்பார். அவர்களோடு உட்கார்ந்து களி தின்பார். ஒரு நாள் ராசாத்தி அவர் செய்த பெண் உருவத்தைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா வேலையே செஞ்சதில்லீங்களா? கை இப்படி இருக்குது?" என்றாள். "நீ செய், பாக்கலாம்" என்றார். செய்தாள். பிறகு விடவே இல்லை. சூளை மேஸ்திரி திட்டத் திட்டச் செய்தாள்.

கடைசிக் கண்காட்சிக்கு அவள் செய்தது இடுப்பளவு உயர உருவம். சுமையை இறக்கி வைத்துவிட்டு, கால்களை அகட்டி, முழங்கால்மேல் கையூன்றி உட்கார்ந்த ஒரு பெண். துணி மூடிக் கிடந்தபோது மண்டிக்காரர் வந்து விலக்கிப் பார்த்தார். "அங்காளம்மன் மாதிரியே உக்காந்திருக்குதே!" என்றார்.

"சாமி இல்லீங்க. எங்கம்மா. மத்தியானம் சூளையில இப்படித்தான் உக்காரும்," என்றாள் ராசாத்தி.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கிடங்கைத் திரும்பக் கேட்கப் போகிறார் என்ற பேச்சு அப்போது இருந்தது. அவருக்கும் அண்ணனுக்கும் தனியே என்ன பேச்சு நடந்தது என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

திறப்பு விழா அன்று துணியை விலக்கினார்கள். அந்த உருவம் எங்களைப் பார்த்தது. கரும்பழுப்புக் கண்ணாடியில் இரண்டு கண்கள், அரக்கு வைத்துப் பதித்தவை. அண்ணனின் கைவேலை என்பது பார்த்ததும் தெரிந்தது. கூட்டத்தில் யாரோ "தாயே" என்றார்கள். குங்குமம் வந்தது, கற்பூரம் வந்தது. முன்னாலேயே ஏற்பாடு செய்திருந்தால் ஒழிய இவ்வளவு சீக்கிரம் வராது. கரீம் பாய் என் தோளைப் பிடித்தார்: "இந்தத் துண்டு ரெண்டுக்கும் பளபளப்புப் போட்டுத் தரச் சொன்னாருங்க தம்பி. எதுக்குன்னு சொல்லலியே."

சட்டப்படி ராசாத்தி உருவத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். மண்டிக்காரர் அவளைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். அண்ணன் குனிந்தபடி அவளிடம் வந்தார்.

"ராசாத்தி, கொஞ்சம் வெளிய நில்லும்மா. பூசை முடியட்டும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "கேக்கறவங்களுக்கு நான்தானுங்களே பதில் சொல்லணும்?" என்றாள்.

"இன்னைக்கு யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எங்கம்மாவுக்குப் பூசை பண்றாங்களாம். நான் வாசல்ல நிக்கணுமாம்." சொல்லிவிட்டு நடந்தாள். வாசலிலும் நிற்கவில்லை.

நான் அங்கேயே கத்தினேன். "சாமி பின்னாலயே சாதி வரும்னு சொன்னது நீங்கதானே?"

"கத்தாத தம்பி. கிடங்க நமக்கே எழுதித் தர்றேங்கறாரு. உள்ள அம்மன் இருக்கணும், அவ்வளவுதான். கூடம் நிலைச்சாத்தானே ராசாத்தி மாதிரி இன்னும் பத்துப் பேரு வருவாங்க?"

"வந்தவள வெரட்டிட்டு யாரண்ணே வருவாங்க?"

கற்பூரத் தட்டு அவரிடம் வந்தது. இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மண்டிக்காரனை எனக்குத் தெரியும். அவன் அப்படித்தான் செய்வான். அவன்மேல் எனக்கு ஏமாற்றம் இல்லை. சூளையில் அவர்களோடு களி தின்ற கை அந்தத் தட்டைத் தொட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன் கிடங்கை எழுதி வாங்கினார். அதன்பின் அங்கே கண்காட்சி நடக்கவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள். காலனிக்காரர்களுக்கு வெளியே கொண்டுவந்து ஊற்றுகிறார்கள்.

சென்ற கோடையில் அண்ணன் சூளைக்குப் போயிருக்கிறார். ராசாத்தியே என்னிடம் சொன்னாள். பழைய மாதிரி தண்ணீர் கேட்டிருக்கிறார். கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டு, "என்மேல இன்னும் கோவமா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க எங்க வூட்டுத் தண்ணி குடிக்கறது பெருசில்லீங்க. நான் உள்ள வந்து எங்கம்மா பக்கத்துல நிக்கணும். கூட்டிட்டுப் போறீங்களா? இப்பவே வர்றேன்," என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு எழுந்திருக்கிறாள்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு, "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவருக்கு அதன்பின் ஒரு வருடம்போல் ஆயுள் இருந்தது. அரூரிலேயேதான் இருந்தார். கூடத்தின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.

இறந்தவரைப் பற்றிக் கசப்பாக எழுதலாமா என்று கேட்பீர்கள். உயிரோடு இருந்தபோது அவர் முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் எழுதுகிறேன். மன்னிப்பது என் வேலை இல்லை. அது ராசாத்தியின் பாடு. அவள் சாவுக்கு வந்திருந்தாள். தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுண்டு. காலனிக்காரர்களும், மலைக்காரர்களும், பாயும், மூட்டைக்காரரும் ஒரே கூரையின் கீழ் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்று ஒரு பானையைப் பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. மழை தவறவில்லை. இந்த ஊரில் அது நடக்காது என்று இனி யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். நடந்ததை என் கண்ணால் பார்த்தவன். நடத்திக் காட்டியவர் சண்முகம் அண்ணன். அதனால்தான் அவரை விட்டுவிட முடியவில்லை.