எல்லா வரியும் ஓடியது

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கௌரவக் குறைச்சல்.

கோவையில் போர்வெல் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதுவது. தண்ணீர் தீர்ந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மோட்டாருக்குள் இருக்கும் காயில் கம்பி கருகிவிடும். புது நிரல் போட்ட முதல் பெட்டி கிணத்துக்கடவில் என் மாமனார் தோப்புக்குப் போவதாக ஏற்பாடு. "மாப்பிள்ளை செஞ்ச பொட்டி" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மோட்டார் கருகினால் அடுத்துக் கருகுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிரலைச் சோதிக்க எங்களிடம் ஒரு டெஸ்ட் ரன்னர் உண்டு. டெஸ்டுகளை வரிசையாக ஓட்டி 'பாஸ்', 'ஃபெயில்' என்று சொல்லும். அதில் கவரேஜ் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதாவது, டெஸ்ட் ஓடும்போது நிரலில் எந்த வரியெல்லாம் ஓடியது என்று காட்ட வேண்டும். ஓடினால் பச்சை, ஓடாவிட்டால் சிவப்பு.

சேர்த்தேன். ஓட்டினேன். மோட்டாரை நிறுத்தும் பகுதி முழுக்கப் பச்சை.

என் வேலை முதல் தடவையே சரியாக வந்ததாகச் சரித்திரம் இல்லை. எந்த வரி ஓடியது என்று குறித்துக்கொடுக்கும் கம்பைலர் கண்ணை மூடிக்கொண்டு பச்சை அடிக்கிறதோ? நிரலுக்குள் யாரும் கூப்பிடாத, அதனால் ஓட வழியே இல்லாத ஒரு ஃபங்ஷனைச் செருகிப் பார்த்தேன். அது யோக்கியமாகச் சிவந்தது. அடுத்த சந்தேகம் பக்கத்து சீட்டுக்காரர் மேல்.

"ஏனுங்க, என்ற கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கை வெச்சீங்களா?"

"உங்க கீபோர்டுல கெடக்குற முறுக்குத் தூளைப் பாத்துப்போட்டு எவனுங்க கை வெப்பான்?"

நியாயமான பதில். ஆனாலும் அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில், மோட்டாரை அணைக்கும் அந்த ஒரு வரியை நானே அழித்துவிட்டு ஓட்டினேன். இனி மோட்டார் நிற்கவே நிற்காது. டெஸ்ட் அலற வேண்டும். 'பாஸ்' என்றது, சாவகாசமாக.

டெஸ்டைத் திறந்தேன். தண்ணீர் தீர்ந்ததாகச் சொல்லி நிரலை ஓட்டியிருந்தது, அவ்வளவுதான். மோட்டார் நின்றதா என்று பார்க்கும் வரியே இல்லை. எந்தக் களவாணி எழுதியது என்று ஆவலாகத் தேடினேன். என் பெயர் இருந்தது.

பெட்டி போவதா நிற்பதா என்று முடிவு செய்வது எங்கள் டீம் லீடர் அக்கா. அழித்த வரியைத் திரும்பப் போட்டுவிட்டு அவரிடம் போய் நின்றேன்.

"அக்கா, டெஸ்ட்ல சின்னக் குறைங்க. மோட்டார் நின்னுச்சான்னு மட்டும் பாக்கலீங்க. ஆனா எல்லா வரியும் ஓடிருக்குதுங்க. பொட்டிய அனுப்பிப்போடலாங்களா? மாமனார் வேற காத்துட்டு இருக்காருங்க."

அவர் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"தண்ணி இல்லாட்டியும் மோட்டார் ஓடுமுங்க."